மஞ்சள் வராத ஈஸ்ட்

ஜனவரி 13, திங்கள்

பனி. பஸ்ஸிலிருந்து சிங்காநல்லூர் குளமே தெரியவில்லை. லேபில் நான் மட்டும். மற்றவர்கள் பொங்கலுக்கு ஊருக்கு.

சார் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னது: "வெள்ளிக்கிழமை வந்துருவேனுங்க. அதுக்குள்ள மஞ்சள் வரலைன்னா ஈஸ்ட் வேலையை மூடிரலாமுங்க அம்மணி." எவ்வளவு மரியாதையாகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார் மனிதர்! ஈஸ்ட்டை மூடினால் என் வேலையும் போச்சு. பிறகு வால்பாறை பஸ், எஸ்டேட் லைன் வீடு, "இத்தனை படிச்சு என்னத்தக் கண்டே" என்று அம்மா. மாட்டேன்.

வீட்டுக்கார அம்மா, அப்படி என்னதான் வேலை என்று கேட்டார். சொன்னேன். இலைச் செல்லின் சுவரைக் கரைக்கும் நொதி ஒன்றை ஒரு பாக்டீரியா செய்கிறது. மாடி லேபில் ஆராய்ச்சிக்கு அது வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகிறது. அதனால் பாக்டீரியாவின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்துச் செய்யப் பார்க்கிறோம். நொதி இருந்தால் சோதனைக் குழாய் மஞ்சளாகும்.

"ஆச்சுங்களா?"

"பதினோரு மாசமா ஆகலீங்க."

"அடக் கெரகமே" என்று உள்ளே போய்விட்டார்.

14, செவ்வாய். பொங்கல்

தெருவெல்லாம் கோலம். பஸ் காலி. கண்டக்டர்: "இன்னைக்குமுங்களா?"

வழக்கம்போல. வளர்ந்த ஈஸ்ட்டைச் சுழலவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை பிளீச்சிங் வாளியில் கொட்டி, அடியில் படிந்ததை எடுத்து, கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைப்பது. ஒரு நிமிடம் குலுக்கல், ஒரு நிமிடம் ஐஸ். இருபது முறை. வலது கை மரத்துவிட்டது. மஞ்சள் இல்லை.

பிளீச்சிங் பவுடரும் தீர்ந்தது. ஸ்டோர்காரர் போன வாரமே சொன்னார், "இனி வெள்ளிக்கிழமைதானுங்க". பிளீச்சிங்கில் கொல்லாமல் எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது, அது சார் சட்டம். இன்றைய தண்ணீர் பாதிக்கு மேல் கொட்டாமல் நின்றுவிட்டது. குடுவையோடு ஃபிரிட்ஜில் வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா தூக்குவாளியில் பொங்கல் தந்தார். நல்ல நெய். ரூமில் உட்கார்ந்து தனியாகத் தின்றேன். நன்றாயிருக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

15, புதன்

இரண்டு நாளாக வீட்டுக்கார அம்மா, கண்டக்டர் தவிர யாரிடமும் பேசவில்லை. குடுவைகளைச் சுற்றும் ஷேக்கர் மெஷினிடம் பேசினேன். "சுத்து, சுத்து, உனக்கென்ன."

வாங்க: சோப்பு, ஊதா பேனா, தைலம் (கைக்கு).

கடைசி மாதிரிகள் மூன்றையும் உடைத்தேன். ஒப்பிட ஒரு வெறுங்குழாய் வேண்டும், நொதி இல்லாதது. அதில் எப்போதும் புதுக் கரைசல் ஊற்றுவேன். அதுவும் தீர்ந்துவிட்டது. ஃபிரிட்ஜில் இருந்த அந்தக் கழிவுத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன், போதும் என்று.

மாதிரி 1 இல்லை. மாதிரி 2 இல்லை. மாதிரி 3 இல்லை. வெறுங்குழாய் மட்டும் மஞ்சள்.

எரிச்சல். கழுவாத குழாயை எடுத்திருக்கிறாய் கழுதை என்று என்னையே திட்டிக்கொண்டேன். புதுக் குழாயில் மறுபடி. மறுபடி மஞ்சள். கரண்ட் போனது. வந்துவிட்டேன்.

16, வியாழன்

ஆறு மணிக்கே லேப். மரபணு வைக்காத சாதா ஈஸ்ட்டின் தண்ணீர்: நிறமில்லை. எங்கள் ஈஸ்ட்டின் தண்ணீர்: ஐந்து நிமிடத்தில் எலுமிச்சை மஞ்சள். மூன்று முறை. மூன்று முறையும்.

உள்ளே இல்லை. வெளியே. ஈஸ்ட் நொதியைச் செய்து, வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. மரபணு தந்த லேபின் வரைபடத்தில், மரபணுவுக்கு முன்னால் ஒட்டியிருந்த சிறு துண்டு அதற்குத்தான். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. பாக்டீரியாவில் வேலை செய்து பழகிய கை. அங்கே சரக்கு செல்லுக்குள்ளேயே நிற்கும். தண்ணீரைக் கொட்டு, அடியை வை. சார் எனக்குச் சொல்லித்தந்தார், நானும் கொட்டினேன். பதினோரு மாதம்!

சிரித்தேன். அழுதேன். டெலிபோன் பூத்துக்குப் போய் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டேன், அம்மாவைக் கூப்பிடச் சொல்ல. அடித்துக்கொண்டே இருந்தது. "லீவு நாளுங்க, யாரு எடுப்பாங்க" என்றார் பூத்காரர்.

17, வெள்ளி

சார் வந்தார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, அப்ப இத்தனை நாளா நாம கொட்டுனது?"

"அதேதாங்க சார்."

ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாடியிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டார். காப்பி, தேங்காய் பன். ஒரு மணி நேரம் லேப் கல்யாண வீடு. எவ்வளவு பேசினேன்! தொண்டை கட்டிவிட்டது.

எல்லோரும் போன பிறகு, கண்ணாடியைத் துடைத்தபடி சார்:

"இனி உடைக்கற வேலையே இல்லீங்களே. சுத்தவுட்டு மேல நிக்கறதை எடுத்தாப் போதும். மாடிப் புள்ளைகளே செஞ்சுபோடுவாங்க. மாசக் கடைசியோட உங்களை விடுவிச்சர்றேனுங்க. சர்ட்டிபிகேட் பிரமாதமா எழுதித் தாரேன்."

"சரிங்க சார்" என்றேன். எதற்கு அந்த 'சரிங்க'? ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கத் துப்பில்லை.

20, திங்கள்

வெயில். மாடியிலிருந்து வந்த பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றார் சார். சுழலவிட்டேன். மேலே நின்ற தண்ணீரை மெதுவாக வேறு குடுவையில் சாய்த்துக் காட்டினேன். அடியில் படிந்ததை பிளீச்சிங் வாளியில் எறிந்தேன்.

"இவ்வளவுதானுங்களா அக்கா?"

"இவ்வளவுதான்."