அண்ணன் பங்கின் கிழக்கெல்லை

ஆனி 9, செவ்வாய்.

குத்தாலத்துப் பூர்வீக நஞ்சையை விற்க அண்ணன் போன வாரம் பத்திரம் எழுதப் போனார். முன்பெல்லாம் ஆண்பிள்ளைகள் பெயரே போதும். இப்போது சட்டம் மாறிவிட்டதால், தங்கை கையெழுத்து இல்லாமல் எழுத முடியாது என்று பத்திர எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார். இன்று என்னை அந்த எழுத்தரிடம் அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார் அண்ணன். என் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமாம்.

"உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, சுமதி."

"சீர் வேற, பங்கு வேறங்க சார்" என்றார் எழுத்தர்.

"அப்ப பாகப்பிரிவினை எழுதுங்க" என்றேன்.

எழுத்தர் வரவழைத்த டீயை அண்ணன் தொடவில்லை. பொங்கலுக்குக் கூப்பிடுவாரோ, மாட்டாரோ. ஆனாலும் ஒப்புக்கொண்டார்; இல்லையென்றால் அவர் பங்கையும் விற்க முடியாது.

அவர் பங்குக்கு எல்லை எழுதினார் எழுத்தர்: 'கிழக்கில் சுமதியின் நஞ்சை.'

"பேர் சரியா பாருங்கம்மா."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.