உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டேன்

என் அன்புக்குரிய தர்ஷினி அப்பா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது என் கோபத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள், எனக்கு இன்னும் ஏறும். இப்போது சிரிக்க ஆளில்லை. முழுக்கக் கேளுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. தர்ஷினி இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். உங்கள் நடை, உங்கள் வாய். நான் சூலியா தெருவில் அதே துணிக்கடையில்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போக விடுப்புக் கேட்டால் முதலாளி காரணம் கேட்பதில்லை. போன வருஷத்திலிருந்து மூன்று வித மாத்திரைகளைச் சேர்த்துத் தருகிறார்கள். முன்பு தந்ததைவிட நன்றாக வேலை செய்கிறதாம். இது உங்கள் காலத்திலேயே வந்திருக்கக் கூடாதா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கடையில் வெள்ளைத் துணியை விரித்தபோது அதன்மேல் கறுப்பாக ஏதோ ஓடியது. தட்டிவிட்டேன், போகவில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அங்கேயும் ஓடியது. உங்களுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?

எச்.ஐ.வி. என்ற பெயர் நம் வீட்டில் நம் இருவரைத் தவிர யார் காதிலும் விழுந்ததில்லை. மாத்திரைப் புட்டியைப் பார்த்து உங்கள் அக்கா கேட்டபோது, "ஒடம்பு ஹீட்டியா இருக்குக்கா, சூட்டுக்குக் குடுத்திருக்காங்க" என்று சமாளித்தீர்கள். அக்காவும் நம்பிவிட்டார். உங்கள்மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

நம் ஆட்களிடம் சூடு என்று சொல்லிவிட்டால் போதும், ஆளாளுக்கு வைத்தியர்தான். கண்ணில் பூச்சி பறக்கிறது என்று அக்காவிடம் உளறியிருக்கிறீர்கள், என்னிடம் மூச்சு விடவில்லை. "மாத்திரச் சூடு கண்ணுக்கு ஏறிடுச்சுடா" என்று அவர் விளக்கெண்ணெயோடு வந்தார். உச்சியில் வைத்துத் தேய்ப்பார், இமையில் தடவுவார், இளநீர் வெட்டிக் கொடுப்பார். நீங்களும் பிள்ளை மாதிரி தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அக்கா தம்பிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

கண்ணில் எந்த மாற்றம் தெரிந்தாலும் அன்றைக்கே வரவேண்டும் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருந்தார். அது நினைவில் இருந்தது என்று பிறகு நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். ஆனால் எண்ணெய் வேண்டாம் என்றால் இது சூடு இல்லை என்று சொல்ல வேண்டும். சூடு இல்லை என்றால் வேறென்ன என்று அக்கா கேட்பார். ஒரு பொய்யைக் காப்பாற்றக் கண்ணைக் கொடுத்தீர்களே, இது என்ன நியாயம்?

வலி இல்லை, சிவப்பு இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மத்தியானம் உங்கள் தட்டில் இடது பக்கச் சோறும் மீனும் தொடாமல் கிடந்தன. "மீன் வேணாமா?" என்றேன். "எங்க மீனு?" என்றீர்கள். நான் தட்டைத் திருப்பி வைத்தேன். "அட, இங்கதான் இருக்கா" என்று சாப்பிட ஆரம்பித்தீர்கள். அன்றைக்கே உங்களைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். ஒரு கண் முழுதாகப் போய்விட்டது, மற்றதில் பாதி போய்விட்டது என்றார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிட்டால், சும்மா கிடக்கும் கிருமிகூட எழுந்து கண்ணின் உள்திரையை அரித்துவிடுமாம். ஒரு கண் கெட்டால் மற்றது ஈடு கொடுப்பதால் ஆளுக்கே தெரியாதாம். ஊசி போட்டு மிச்சத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். நிற்கவில்லை. அக்காவிடம் அப்போதும் சூடு முற்றிவிட்டது என்றே சொன்னீர்கள். தர்ஷினி உங்கள் முன்னால் கையை ஆட்டிவிட்டு, அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிப்பாள். நான் அடுப்படிக்குப் போய் அழுவேன்.

போன வாரம் தர்ஷினி சொல்லித்தான் அக்காவுக்கு என் கண் விஷயம் தெரிந்தது. அன்று சாயங்காலமே எண்ணெய்ப் புட்டியோடு வந்துவிட்டார். "ஒக்காரு சாந்தா, ஒனக்கும் சூடு ஏறிடுச்சா" என்று என் கொண்டையை அவிழ்க்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது சூடு இல்லக்கா. அவருக்கும் சூடு இல்ல" என்றேன். பிறகு அந்த நோயின் பெயரைச் சொன்னேன். எனக்கும் இருக்கிறது என்றேன்.

மானம் போச்சு என்று கத்துவார், எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் புட்டியை மூடிக் கீழே வைத்தார்.

"அப்ப நான் தேச்சுக்கிட்டிருந்தப்ப அவன் கண்ணு போய்க்கிட்டிருந்துச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருப்பேன்லா. கூடப் பொறந்தவள், தள்ளி வச்சிருவேன்னு நெனச்சிட்டானா?"

இதற்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அக்காதான் கூட வந்தார். காத்திருந்த நேரமெல்லாம் எங்கள் இருவருக்கும் நடுவில் கைப்பையை வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் மட்டும் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். பயமும் பாசமும் ஒன்றாக இருக்கும்போலிருக்கிறது.

இடது கண்ணின் ஓரத்தில் ஒரு திட்டு விழுந்திருக்கிறது. வலது கண் இன்றைக்குச் சுத்தம் என்றார் டாக்டர். இன்றைக்கு என்று அழுத்திச் சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறோம் என்று கண்ணைக் காட்டாமல் இருக்கக் கூடாதாம், எனக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் ஏறவில்லையாம். அது ஏறும்வரை ஊசி போடுவார்கள். நிற்குமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். நான் நாள்தோறும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக் காலண்டரைப் பார்க்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார், "பிள்ளகிட்ட எப்ப சொல்லப்போற?" பெரியவள் ஆகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவள் பெரியவளாவதற்குள் என் கண் என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்?

அப்பா எதில் செத்தார், அம்மாவுக்கு என்ன என்று சொல்லும்போது அவள் முகத்தில் என்ன வருகிறது என்று நான் பார்த்தாக வேண்டும். பயப்படுகிறாளா, வெறுக்கிறாளா, என் பக்கம் வருகிறாளா என்று தெரிய வேண்டும். குரலை வைத்து ஊகிக்கிற நிலை எனக்கு வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். உங்களைத் திட்டமாட்டேன், பொய்யும் சொல்லமாட்டேன். கண் தெரிகிறபோதே சொல்லிவிடுவேன், இது சத்தியம்.

கோபம் தீராத,
உங்கள் மனைவி சாந்தா