என் பலகை விமானம்

மார்ச் 3, ஞாயிறு

போய்விட்டேன். விவாகரத்துக்குப் பிறகு முதல் முறையாக மைதானத்துக்கு. எங்கள் ஊர் ரஃபயேலாவில் எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்திருந்தார்கள் - வீடு எனக்கு, ரிமோட் விமானங்களும் மைதானமும் ஆல்டோவுக்கு என்று. யார் பிரித்தது அப்படி? நானும்தானே அங்கே புல் வெட்டினேன், ஓடுபாதைக்குச் சுண்ணாம்பு அடித்தேன்?

கையில் நானே சமையலறை மேசையில் செய்த விமானம். தட்டை உடல். பால்சா பலகையில் வெட்டிய பக்கவாட்டு உருவம், அவ்வளவுதான். வயிறு கிடையாது. எஞ்சின் மூக்குக்கு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டிபோல முழு உடல் கட்டும் அச்சுகளும் கருவிகளும் அவனோடு போய்விட்டன.

ஆல்டோ பார்த்தான். "என்ன நொயெமி, இஸ்திரி பலகையத் தூக்கிட்டு வந்திருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா. உன் சட்டை கசங்கித்தான் கிடக்கு. கழட்டிக் குடு."

இந்தத் தடவை இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

மார்ச் 5

கோபம் இறங்கவில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு நான் இறக்கை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

மெதுவாகப் பறக்கும்போது இது சொன்னபடி கேட்கிறது. மூக்கைத் தூக்கினால் அப்படியே மிதக்கிறது. வானத்தில் வேகமாகப் புரட்டி உருட்டினால்தான் வம்பு: வால் முறுக்கிக்கொள்கிறது, பறக்கும் கோடு கோணுகிறது. தட்டை உடலின் குறை அது. ஆல்டோவிடம் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே எழுதலாம்.

மார்ச் 17, ஞாயிறு

ஏப்ரலில் சாகசப் போட்டி. பெயர் கொடுத்தேன். ஆல்டோ நேரே கிளப் தலைவர் பௌத்தாசோவிடம் போனான்.

"வெளியூர்லேர்ந்து ஆளுங்க வருவாங்க. இந்தப் பலகையெல்லாம் பறந்தா நம்ம மானம் என்ன ஆகுறது?"

"யார் மானம்?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

பௌத்தாசோ மாத்தே தேநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி முடித்தார். பிறகு, "தட்டை உடல் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லையேப்பா. பறக்கட்டும் விடு" என்றார்.

மார்ச் 24, ஞாயிறு

கிளப்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் செலா, ஸ்பெயினுக்குப் போன தம்பியின் விமானத்தைக் கொண்டுவந்தாள். முழு உடல். "ஓட்டிப் பாருடி, சும்மா தூங்குது" என்றாள்.

ஓட்டினேன். தண்டவாளத்தில் போவதுபோல் போகிறது! காற்று இடித்தாலும் அசையவில்லை. எத்தனை முறை உருட்டினாலும் கோடு கோடாகவே இருக்கிறது. வாலில் முறுக்கு என்ற பேச்சே இல்லை.

"எப்படிடி?"

"நல்லாத்தான் இருக்கு, சனியன்."

"அப்போ போட்டிக்கு இதையே எடுத்துக்கயேன்."

மாட்டேன் என்றேன். வறட்டுப் பிடிவாதமா? இருக்கலாம். ஆனால் இதைக் கையில் எடுத்தால் எனக்கு வருவதெல்லாம் ஆல்டோ பறக்கும் பறப்புதான். அத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்தது அது ஒன்றைத்தானே. பலகையில் வருவது என்னுடையது.

ஏப்ரல் 7, ஞாயிறு

விழுந்தது. தாழ்வாகத் திருப்பியபோது பக்கத்து வயலில் சோயா அறுத்த அடிக்கட்டைகளில் போய்ச் சொருகியது. இறக்கைக்குப் பின்னால் இரண்டு துண்டு.

ஆல்டோ நடந்து வந்து குனிந்து பார்த்தான். "போட்டிக்கு ஒரு வாரம்தான் இருக்கு. விட்டுடு நொயெமி." கேலி இல்லை குரலில். பரிதாபம். அதுதான் எரிந்தது.

"உன்னோடது விழுந்தா மாசக்கணக்காகும். இது நாளைக்குப் பறக்கும், பாரு."

வீட்டுக்கு வந்ததும் ஒட்டினேன். உடல் வெறும் ஒற்றைப் பலகை என்பதால் துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தின. கையோடு கையாக வாலுக்கு இரண்டு பக்கமும் கார்பன் குச்சி வைத்து இறுக்கினேன். எப்போதோ செய்திருக்க வேண்டியது.

ஏப்ரல் 8

பறந்தது. முறுக்கும் குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

தெற்கிலிருந்து நல்ல காற்று. முதல் சுற்றில் எல்லோருக்கும் ஒரே வரிசையில் ஒரே சாகசங்கள். பலகை என் பேச்சைப் பாதிதான் கேட்டது. வட்டங்கள் நசுங்கின. ஆல்டோவின் முழு உடல் வானத்தில் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் போனது. அழகுதான். இல்லை என்று ஏன் எழுத வேண்டும்? பதினோரு பேரில் நான் ஒன்பதாவது.

இரண்டாவது சுற்று அவரவர் விருப்பம். மேலே போகவே இல்லை நான். முழங்கால் உயரத்துக்கு இறக்கி, மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, முன்விசிறியின் இழுப்பில் மட்டும் தொங்கவிட்டேன். காற்று தட்டை உடலைத் தள்ளியது. தள்ளட்டுமே! அதன்மேலேயே சாய்த்து, வால் புல்லைத் தடவத் தடவ ஓடுபாதை ஓரமாக நடக்கவிட்டேன். கனமான விமானத்தை வைத்துக்கொண்டு அங்கே யாரும் அவ்வளவு தாழ வரவில்லை. பக்கத்து ஊர் சுஞ்சாலெஸ்காரர் ஒருவர் சோரிசோ இறைச்சி வைத்த ரொட்டியை வாய்வரை கொண்டுபோய் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாராம், செலா சொன்னாள்.

மொத்தத்தில் நான்காவது. முதலாவது ஆல்டோ.

"நல்ல விமானம் இருந்திருந்தா ரெண்டாவது வந்திருப்ப" என்றான்.

"எங்கிட்ட இருக்கிறது நல்ல விமானம்தான். நீ இன்னைக்குப் பிரமாதமா பறந்த ஆல்டோ. வாழ்த்துகள்."

கை கொடுத்தேன். பிடித்த கையை விட மறந்து நின்றான், பாவம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆல்டோ இனி ஞாயிறு இல்லை, சனிக்கிழமைகளில்தான் வருவானாம். நான் கேட்கவில்லை. யாரோ சொன்னார்கள்.

மே 12, ஞாயிறு

சாப்பாட்டு மேசை முழுக்க முழு உடலின் சட்டங்கள் காய்கின்றன. அச்சு நானே செய்தேன். ஒரு வாரமாக நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறேன்.

"அப்போ அவங்க கட்சிக்குப் போயிட்டியா?" என்றாள் செலா.

"காத்தடிக்கிற நாளுக்கு ஒண்ணு வேணாமா? ஒண்ணுதான் வெச்சுக்கணும்னு யாரு சொன்னா?"

இன்று பலகையைத்தான் எடுத்துப் போனேன். என் முறை வந்ததும் பௌத்தாசோ ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்: "அடுத்து நொயெமி கார்னெரோ!" அங்கே இத்தனை வருடமும் நான் ஆல்டோ கஸ்தால்தி வீட்டம்மா. கார்னெரோ என்ற என் அப்பாவின் பெயரை அவர் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ.

விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதைக்கு நடந்தேன். கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன்.