அறுந்த சங்கிலி ஜெபம்

ஆகஸ்ட் 14, 1999, சனி

இன்று சங்கிலி ஜெபம் என்னால் அறுந்துபோனது. ரோஸி ஆன்ட்டியின் கணவருக்கு இதய ஆபரேஷன். சபைப் பெண்கள் ஆளுக்கு ஒரு மணி நேரம் வீட்டிலேயே ஜெபித்துவிட்டு, அடுத்தவரைப் போனில் அழைத்து ஒப்படைக்க வேண்டும். என் முறை மதியம் மூன்றிலிருந்து நான்கு. பாப்பாவுக்குப் பால் கொடுத்தபடியே கண்ணை மூடி ஆரம்பித்தேன். விழித்தபோது ஐந்தே கால். அடுத்தவரைக் கூப்பிட்டு, தூங்கிவிட்டதைச் சொன்னேன்.

இரவு ஆஸ்பத்திரியிலிருந்து ஆன்ட்டி கூப்பிட்டார். "ஏம்மா ஷீலா, உன் டைம்லதான் அவரை உள்ள கொண்டு போனாங்க. தூங்க வேற நேரமே கிடைக்கலையா?" ஆபரேஷன் முடிந்தும் அங்கிள் இன்னும் கண் திறக்கவில்லையாம்.

பக்கத்தில் நின்ற மூத்தவள் கேட்டாள்: "நீ தூங்கினா இயேசப்பாவும் தூங்கிடுவாராம்மா?"

"சேச்சே, அவர் தூங்கவே மாட்டாருடி."

"அப்ப ஆன்ட்டி ஏன் உன்னைத் திட்டுறாங்க?"

அவளுக்குச் சோறு பிசைந்தேன்.

தேவன் தாமாகவே இருக்கிறவர், இருப்பதற்கு அவருக்கு யாரும் வேண்டாம் என்று ஞாயிறு பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்று முழுக்க, பாப்பா என் பாலை நம்பியிருப்பதுபோல அவரும் என் விழிப்பை நம்பியிருக்கிறார் என்றல்லவா நடுங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் தேவையில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கிறது. தோள் கொஞ்சம் இறங்கவும் செய்கிறது.

காலையில் ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இப்போது அங்கிளுக்காகப் படுத்தபடியே ஜெபிக்கப் போகிறேன். நடுவில் தூங்கிப்போனால் போகட்டும். தேவன் இருப்பார்.