போதகர் வீட்டுக்கு வந்த தந்தி

மூன்டா,
16 அக்டோபர் 1917

மதிப்பிற்குரிய போதகர் ஹாஸ்கிங் ஐயாவுக்கு,

திர்சா ட்ரெம்பாத் எழுதுவது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இனி எங்கள் தெருப்பக்கம் வராதீர்கள். ஆலய விற்பனைக்கு ஜாம் வேண்டுமென்றாலும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், கொடுத்தனுப்புகிறேன்.

பட்டாளத்துச் சாவுத் தந்தியைப் போதகர்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எந்த மகராசன் சட்டம் போட்டானோ! ஃபிளாண்டர்ஸ் போர்முனையில் பெரிய தாக்குதல் தொடங்கியதிலிருந்து இந்தத் தெருவில் மட்டும் மூன்று வீட்டுக்கு வந்துவிட்டது. நேற்று வேலிக்கு மேல் உங்கள் தொப்பி தெரிந்ததும் கோழிக் கொட்டகைக்குள் போய் ஒளிந்தேன். "என்னம்மா, கோழியோட அப்படியென்ன பேச்சு?" என்று சிரித்தீர்கள். நீங்கள் ஜாம் கேட்கத்தான் வந்தீர்கள் என்று தெரிந்த பிறகும், தெருமுனை தாண்டும்வரை நான் வெளியே வரவில்லை.

இப்படிக்கு,
ஜேபஸின் தாய் திர்சா

17 அக்டோபர்

அன்புள்ள திர்சா அம்மாவுக்கு,

சிரித்தது தப்புத்தான். இப்போதெல்லாம் என்னைக் கண்டால் நாய்கூட வாலை மடக்கிக்கொள்கிறது. தந்தியோடு பதினொரு வீட்டுக்குப் போய்விட்டேன். மிஸஸ் பாஸ்கோ கதவைச் சாத்திக்கொண்டு, "எங்க வீடா இருக்காது, அடுத்த வீட்ல கேளுங்க" என்றார். அரை மணி நேரம் வெயிலில் நின்றேன்.

என் எட்வினும் உங்கள் ஜேபஸும் ஒரே பட்டாளம்தானே. கடைசியாக எழுதியிருந்தான்: "அப்பா, பீரங்கி நிக்கவே மாட்டேங்குது. சேத்துல பலகை போட்டு நடக்கிறோம், கால் தவறினா ஆளே கெடைக்க மாட்டான். எனக்குப் பயமா இருக்கு. போதகர் மகன் பயப்படறான்னு சபையில சொல்லிடாதீங்க."

உங்களிடம் சொல்லிவிட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது அம்மா. மனைவி போனபின் எனக்கு அவன் ஒருவன்தான்.

உங்கள்,
ஹாஸ்கிங்

20 அக்டோபர்

ஐயா,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். எட்வின் பயந்ததை யாரிடமும் சொல்லமாட்டேன். ஜேபஸ் "நலம்" என்றுதான் எழுதுகிறான், எழுத்துத்தான் நடுங்குகிறது. செய்தி என்று வந்தால் நீங்களே கொண்டுவாருங்கள். வேறு யார் முகத்திலும் விழிக்க எனக்குத் தெம்பில்லை.

திர்சா

27 அக்டோபர்

ஐயா,

இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

தபாலாபீஸ் பெண் காலையில் அழுதுகொண்டே என்னிடம் ஓடிவந்தாள். "போதகருக்கே வந்தா யார் கொண்டுபோறதுன்னு ஒருத்தரும் சொல்லலியே அக்கா!" என்றாள். உறைமேல் உங்கள் பெயரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், ஐயா. என் பிள்ளை இல்லை என்ற சந்தோஷம். அந்தப் பாவத்தோடுதான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறேன்.

கதவைத் தட்டியபோது, "வீட்ல யாருமில்ல" என்று உள்ளேயிருந்து உங்கள் குரலே சொன்னது.

எட்வின் பன்னிரண்டாம் தேதித் தாக்குதலில் போய்விட்டான். கதவைத் திறங்கள், ஐயா.

திர்சா