ஓரம் மடித்த பாதை

மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. நலமா என்று கேட்டாலே உனக்குக் கோபம் வருகிறது என்று தங்கச்சி சொன்னாள். அதனால் கேட்கவில்லை. நான் நலம். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. "எழுதிப் போடுண்ணா, படிச்சாலும் படிப்பார்" என்றாள். பள்ளிக்கூடத்தில் என் விடைத்தாளை எட்டிப் பார்த்து எழுதியவன் நீ. என் கிறுக்கல் உனக்குப் புரியும்.

மலை வீட்டை விற்றுவிடலாம் என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள் வந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கிய வீடு, என் கையெழுத்தும் வேண்டும். நான் போடவில்லை. எனக்கு ஒரு வருஷம் கொடு. அடுத்த மார்ச்சில் நீ ஒரு தடவை வந்து பார். பார்த்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் மறுபேச்சு இல்லாமல் போட்டுவிடுகிறேன்.

ரோட்டிலிருந்து வாசல் வரை இருபத்தேழு கல்படி. "கால் விளங்காதவனை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போய் வைப்பீங்களா? அதுக்கு நான் வீட்லயே கிடக்கேன்" என்று தங்கச்சியிடம் சத்தம் போட்டாயாமே. நீ சொன்னது நியாயம்தான். அதனால் படியே இல்லாமல், சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு பாதை போடப் போகிறேன். சிரிக்காதே. இருபது வருஷம் மலை ரோடு போட்ட சூப்பர்வைசர் நீ, சட்டைக்குக் காஜா எடுக்கிற தையற்காரன் நான். தெரியும். ஆனால் மலையும் ஒரு உடம்புதானே, அளவெடுத்தால் தெரிந்துவிடப் போகிறது. சனிக்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டினால் திங்கள் வரை அங்கேதான் இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தங்கச்சி மேல் எரிந்து விழாதே, அவளுக்கும் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

அன்புடன்,
மச்சான்


ஜூன் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் இல்லை. மாப்பிள்ளை முறுக்கு கல்யாணத்தோடு போயிருக்கும் என்று நினைத்தேன், இன்னும் மிச்சம் இருக்கிறது போல.

தோட்டச் செய்தி முதலில். கிணற்றுப் பக்கம் பீன்ஸ் போட்டேன், கொம்பு நட்டதும் விறுவிறுவென்று ஏறிவிட்டது. உருளைக்கிழங்கு மூன்று பாத்தி. முட்டைக்கோஸை முள்ளம்பன்றி பாதி தின்றுவிட்டு, மீதியைப் பெரிய மனசு பண்ணி எனக்கு விட்டு வைத்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் விரிசலைப் பூசியாயிற்று. கீழ் வீட்டில் ஒரு அம்மா குடி வந்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மண்வெட்டி பிடிக்கிற அழகைப் பார்த்து, "ஊசி பிடிக்கிற கை இது, பார்த்தாலே தெரியுது" என்றார்.

பாதை தொண்ணூறு அடி ஆகிவிட்டது. இன்ச் டேப்பால் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, கல் பரப்பி, சிமெண்ட் பூசினேன். சக்கரம் எந்தப் பக்கமும் இறங்கிவிடக் கூடாது என்று இரண்டு ஓரத்திலும் அரையடி உயரத்துக்குக் கல்லால் கட்டை கட்டியிருக்கிறேன். பேன்ட்டுக்குக் கீழே மடித்துத் தைத்த மாதிரி அவ்வளவு சுத்தம். நீ பார்த்தால் அசந்து போவாய்.

நீ ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவிலேயே நாளைக் கழிக்கிறாய் என்று தங்கச்சி சொல்கிறாள். டாக்டர் வெளியே போகச் சொன்னதற்கு, வெளியே என்ன வைத்திருக்கிறது என்று கேட்டாயாம். இங்கே பீன்ஸ் வைத்திருக்கிறது. இந்தக் கடிதத்தோடு ஒரு பை நிறைய அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
மச்சான்


ஆகஸ்ட் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாம் போயிற்று.

மூன்று நாள் விடாத மழை. நேற்று வந்து பார்த்தால் என் பாதை பாதையாக இல்லை, வாய்க்காலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே விழுந்த தண்ணீரெல்லாம் இரண்டு கட்டைக்கும் நடுவில் புகுந்து, சீறிக்கொண்டு வந்து, வளைவில் கட்டையை உடைத்துக்கொண்டு நேரே பீன்ஸ் பாத்தியில் பாய்ந்திருக்கிறது. பீன்ஸும் இல்லை, கொம்பும் இல்லை. உருளைக்கிழங்கு ரோட்டில் கிடக்கிறது. நர்ஸம்மா குடையோடு நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்லா கால்வாய் வெட்ட காசு கொடுத்தாலும் ஆள் கிடைக்காது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈரக் கல்லின் மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். மாப்பிள்ளை, உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு இந்த வீட்டுக் கூரைக்குத் தகடு மாட்ட நீ ஏறியபோது ஏணி என் கையில்தான் இருந்தது. பிடி வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். வழுக்கவில்லை. நான்தான் விட்டேன். ஆணி டப்பா கவிழ்ந்து சரிவில் உருண்டது, அதைப் பிடிக்க ஓடினேன். ஒரு டப்பா ஆணிக்காக. திரும்பிப் பார்ப்பதற்குள் நீ கீழே கிடந்தாய்.

ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் நீ என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்டாய். ஏண்டா விட்டாய் என்று கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். நீ கேட்கவே இல்லை. ஒன்றரை வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சட்டை தைக்கிறேன்.

விற்கிற தாளை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். பேனாவும் பக்கத்தில்தான் இருக்கிறது. நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

மச்சான்


அக்டோபர் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் பதில் வந்த அன்று கடையில் இருந்த வாடிக்கையாளர் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. என் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்பியிருந்தாய்: "மடையா, ரெண்டு பக்கமும் அணை கட்டினா தண்ணி உன் தலை மேலயா போகும்? எவன்டா உன்னை ரோடு போடச் சொன்னது?" எத்தனை மாதத்துக்குப் பிறகு உன் குரல்!

அதற்கு அடுத்த வாரமே நான்கு பக்கம், படம் வேறு. தங்கச்சி போன் செய்து, "என்னண்ணா எழுதின? காலையிலேர்ந்து ஸ்கேல் வெச்சு கோடு போட்டுட்டு இருக்கார், சாப்பிடக் கூப்பிட்டா கோபம் வருது" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நீ சொன்னபடியே செய்தேன். வெளி ஓரத்துக் கட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மலைப் பக்கத்துக் கட்டையை இடித்தேன். பாதையை மலைப் பக்கம் ஓரடிக்குக் கால் அங்குலம் சாய்த்து, அந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டி, வளைவுக்கு முன்னால் குழாய் புதைத்துத் தண்ணீரைக் கீழே கடத்தியாயிற்று. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம். பதினாறு அடி உயரத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தாய். "அதுக்கு மேல செங்குத்தா வெச்சேன்னா நான் உருண்டு வந்து உன் மேலதான் விழுவேன்" என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். நீ வருவதாக நினைத்துப் பார்க்கக்கூட மாட்டாய் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு சக்கர நாற்காலி இரவல் வாங்கிக் கொடுத்தார். நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். ஏறும்போது கை கழன்றது, இறங்கும்போது உயிர் கழன்றது. முதல் வளைவில் நாற்காலி நின்றது, நான் நிற்கவில்லை, முள்ளங்கிப் பாத்தியில் போய் உட்கார்ந்தேன். அதனால் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்க ஒரு சமதளம் வைத்துவிட்டேன். அங்கே கல் கட்டி மண் நிரப்பி உயரமான பாத்தியும் போட்டிருக்கிறேன். எவ்வளவு உயரம் என்று யோசிக்கவே இல்லை, என் தையல் மெஷின் உயரம்தான். உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குக் கை எங்கே வரும் என்று எனக்குத் தெரியாதா? கேரட் விதைத்தேன், முளைத்துவிட்டது.

ஆணி டப்பாவைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அதைப் படித்துவிட்டு என்ன சொன்னாய் என்று தங்கச்சியிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்புடன்,
மச்சான்


பிப்ரவரி 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பனி விட்டுவிட்டது. பேரி மரத்தில் மொட்டு வந்திருக்கிறது. போன வாரம் அடித்த மழையில் பாதை ஒரு கல்கூட நகரவில்லை. தண்ணீர் குழாய்க்குள் போய் மறுபக்கம் விழுவதை, குடை பிடித்து நின்று வேடிக்கை பார்த்தேன். நர்ஸம்மாவும் வந்து பார்த்தார். "உங்க மாப்பிள்ளை கெட்டிக்காரர்" என்றார், பாதை போட்டவன் நான் பக்கத்திலேயே நிற்கிறேன்!

நூற்றைம்பது அடி முடிந்தது. வாசலுக்கு நாற்பதடி பாக்கி. அங்கேதான் மண்ணுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது என்று போன மாதம் எழுதினேன். பேரி மரத்துக்கு வலப்பக்கம் திருப்பவா, இடப்பக்கம் சுற்றவா என்று கேட்டேன். ஊற்று எங்கே என்று நான்கு கேள்வி கேட்டாய், நான்கிற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் நீயே எழுதிவிட்டாய்: "நேர்ல பாக்காம சொல்ல முடியாது."

அந்தக் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நான் ஒரு கல்லும் வைக்கவில்லை. உன் தொழிலில் உனக்கே தெரியாததை நான் குருட்டாம்போக்கில் செய்ய முடியுமா?

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேன் உன் வீட்டு வாசலுக்கு வரும். நாற்காலியோடு ஏறுகிற மாதிரி பலகை போட்ட வேன், நானே போய்ப் பார்த்துப் பேசிவிட்டேன். ரோட்டில் இறங்கினால் அங்கிருந்தே உன் பாதை ஆரம்பிக்கிறது. யாரும் உன்னைத் தூக்க மாட்டார்கள். தள்ளவும் மாட்டோம். நான் பின்னால் வருவேன், கூப்பிட்டால் மட்டும் கை கொடுப்பேன். நூற்றைம்பது அடி ஏறியதும் மரத்தடியில் நிழல் இருக்கிறது. அங்கே நீ உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மீதி நாற்பதடியையும் மண் தட்டிச் சமமாக்கி, பலகை போட்டு ஒரே நாளில் கடக்கிற மாதிரி செய்துவிடுவேன். கல்லும் மணலும் கொட்டி வைத்திருக்கிறேன். சிமெண்ட் பூச்செல்லாம் பிறகு. சாயங்காலம் உன் கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நீயே வாசலுக்குள் போக வேண்டும். தங்கச்சி துணிமணி எடுத்து வைத்துவிட்டாள், உன்னிடம் சொல்லத்தான் பயப்படுகிறாள்.

வா மாப்பிள்ளை. நான் செய்த எத்தனையோ தப்பை இதுவரை தாளில்தான் திட்டியிருக்கிறாய். நீ தாளில் திட்டாததும் ஒன்று இருக்கிறது, இரண்டு பேருக்கும் தெரியும். மரத்தடியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, வாய் ஓயும்வரை அதையும் சேர்த்துத் திட்டு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன், மண்வெட்டியைக் கீழே வைக்கவும் மாட்டேன்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

ரோட்டோரத்தில் காத்திருக்கும்,
உன் மச்சான்