உனக்கு ஆர் இந்தக் கோட்டைப் போட்டது?

மச்சான்,

எங்கள் வீட்டு பிறிட்ஜ் கதவில் ஒருவர் கோட்டும் ரையுமாக நிற்கிறார். பால் எடுக்கப் போகிற நேரமெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அது நீயாம். உன் முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கோயில் வாசலில் கொடுத்த நினைவு அட்டை. பின்பக்கம் மாதாவின் செபம் இருப்பதால் எறியக்கூடாது என்று என் மனுசி காந்தம் வைத்து ஒட்டிவிட்டா. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. மாதாவில் இல்லை, அந்தக் கோட்டில்.

உனக்குக் கோட் எப்போது இருந்தது? கலியாணத்துக்கு இரவல் வாங்கினதையும் பூசை முடிந்த கையோடு கழற்றி எறிந்தாய் என்று உன் மனுசி எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருக்கிறா.

தலையை எங்கிருந்து வெட்டினார்கள் என்று சிரிப்பைக் கண்டவுடனே தெரிந்துவிட்டது. அது எங்கள் கார் ரேஸ் ரீமின் படம். லண்டனில் இருந்து வந்த உன் தமையன், நீ சிரிக்கிற ஒரே படம் அதுதான் என்று எடுத்துக்கொண்டு போய் ஸ்ரூடியோவில் கொடுத்திருக்கிறார். காரை வெட்டி, மெக்கானிக் சல்வோவை வெட்டி, என்னையும் வெட்டி, உன் கழுத்துக்குக் கீழே ஆரோ ஒருவனின் கோட்டைப் பூட்டி, கன்னத்து மண்ணைத் துடைத்து, ஹெல்மெட் அமத்தின தலைமயிரையும் வாரி விட்டார்கள். கீழே ‘தனியார் நிறுவன மேற்பார்வையாளர்’ என்று வேறு. நீ மேற்பார்வை பார்த்தது, இந்தச் சிசிலியில் நீ துப்புரவு வேலை செய்த சிக்னோராக் கிழவி வீட்டு யன்னல் கண்ணாடிகளைத்தானே, மச்சான்? அதில் என்ன வெட்கம்?

அந்தச் சிக்னோராதான் எங்கள் ரீமைத் தொடக்கி வைத்தவ. இனித் தன்னால் ஓட்ட ஏலாது என்று தன்னுடைய பழைய பண்டாக் காரின் திறப்பை ஒரு நத்தார்ப் பெருநாளுக்கு உன் கையில் வைத்தா. பக்கத்து ஊர் பகேரியாவில் கார் நெளிவு எடுக்கிற சல்வோவிடம் கொண்டுபோனோம். அவன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இதை றோட்டில் விட்டால் பொலிஸ் பிடிக்கும், மண் வளையத்தில்தான் விடலாம் என்றான். ஊருக்கு வெளியே ஒரு மண் திடல். பழைய கார்களின் சீற்றுகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய் ஒட்டி, வட்டமாக ஓடுவார்களாம். எனக்குப் பைத்தியக்கார வேலையாகப் பட்டது. நீ ஒன்றுதான் கேட்டாய்: முட்டலாமோ என்று. முட்டத்தான் வேணும் என்றான் சல்வோ. உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. கிழமை முழுக்க ஸ்கூசி, ஸ்கூசி என்று மன்னிப்புக் கேட்டு ஒதுங்கி ஒதுங்கி வேலை செய்தவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை முட்டலாம் என்று ஒரு இடம் கிடைத்துவிட்டது.

சல்வோ மெக்கானிக். நீ ஓட்டுநர். மடக்குக் கதிரையும் குடையும் என்னிடம்தான் இருந்தன என்பதால் நான் திரெத்தோரே, ரீமின் பொறுப்பாளர். வேறு தகுதி எனக்கு இல்லை என்பது உனக்கும் தெரியும். நீ ஓடுகிற நேரம் நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பல்லரோச் சந்தைக் கடைக்கார அண்ணைதான் எங்கள் ஸ்பொன்சர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பெட்டி மீன் பற்றீஸ் தந்தார். பதிலுக்கு அவர் கடைப் பெயரை நான் பெயின்ற் அடித்தேன். எழுத்தைப் பெரிதாகத் தொடங்கி, பொனற்றில் இடம் முடிந்து, மிச்சப் பெயரைக் கதவில் எழுதினேன். அன்றைக்கே கதவு கழன்று போனது. அரைப் பெயருக்கு அரைப் பெட்டி பற்றீஸ்தான் என்று அண்ணை நின்றார்.

முதல் ஓட்டத்துக்கு நீ நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாய். வளையத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த முறை தேசிக்காய் கிடைக்காமல் நாங்கள் வெறுங்கையோடு போக, லிமோனே எங்கே என்று சண்டை பிடித்தவன் சல்வோ. ஓடிப்போய் ஆரோ தோட்டத்தில் பெரிய சிசிலி எலுமிச்சை பிடுங்கி வந்தான். கார் அதில் ஏறி ஒரு குலுக்குக் குலுக்கித்தான் புறப்பட்டது. அன்றைக்குத்தான் நாங்கள் மூன்றாவதாக வந்தோம். எத்தனை பேரில் மூன்றாவது என்று கேட்டவர்களுக்கு நீ கடைசி வரைக்கும் பதில் சொல்லவில்லை. அந்தப் படமும் அன்றைக்கு எடுத்ததுதான். பொனற்றைக் கயிற்றால் கட்டியிருக்கிறது, நீ கூரையில் ஏறி இருந்து சிரிக்கிறாய்.

அட்டையைச் சல்வோவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, இது எந்த நொத்தாயோ என்று கேட்டான். எங்கள் நொத்தாரிசுதான், காணி உறுதி எழுதுகிற ஆள். நீதான் என்று சொன்னபோது அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினான்.

அட்டையோடு முடிந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் இஞ்சை கல்லறையில் பீங்கானில் படம் சுட்டுப் பதிப்பார்கள் அல்லவா? அட்டை தந்த அன்றைக்கே, பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பிடுகிற நேரம், அதே கோட்டுப் படத்தை நாளைக்கு மாபிள்காரனிடம் கொடுக்கப்போவதாக உன் தமையன் சொன்னார். அட்டை கிழிந்து போகும். பீங்கான் போகாது. அந்த நொத்தாரிசுதான் நீ என்று ஆகிவிடும்.

ஏன் அண்ணை என்று கேட்டேன்.

“ரேஸ் ஓடினவன் எண்டால் சனம் என்ன கதைக்கும்? அதிலைதான் செத்தவன் எண்டு ஏற்கெனவே கதை.”

“அவன் வயித்து வருத்தத்திலை செத்தவன். காராலை அவனுக்கு ஒரு விரல்கூடச் சுளுக்கேல்லை. சனத்துக்குப் பயந்து ஆளையே மாத்துறியளோ?”

“எங்கடை குடும்ப விசயத்திலை நீர் ஆர்?”

“நான் திரெத்தோரே,” என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். கையில் இருந்த கோப்பை சரிந்து சொதி முழுக்க என் வெள்ளைச் சேட்டில். ஒருவரும் சிரிக்கவில்லை.

உன் மனுசி குசினி வாசலில் நின்றதை அப்போதுதான் கண்டேன். சத்தம் போடாமல்தான் கதைத்தா.

“அண்ணை, நீங்கள் நாளையிண்டைக்கு லண்டன் போயிடுவியள். ஞாயிறு ஞாயிறு அங்கை போய் நிக்கிறது நான். இந்தக் கோட்டுக்காரரை எனக்குத் தெரியாது. நான் அங்கை போய் ஆரோடை கதைக்கிறது?”

உன் தமையன் கையைக் கழுவ எழும்பிப் போனார்.

உன் மனுசியும் நானுமாக மாபிள்காரனிடம் வெட்டாத ரீம் படத்தையே கொடுத்தோம். முகம் மட்டும்தான் கொள்ளும் என்றான். சரி, சல்வோவும் நானும் இரண்டாம் முறையும் வெட்டுப்பட்டோம். இந்த முறை மனம் நோகவில்லை. கன்னத்தில் இருக்கிற கறையை எடுக்கவோ என்று கேட்டான். கறை இல்லை, மண், இருக்கட்டும் என்று உன் மனுசி சொன்னா. இப்போது அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்தேன்.

ஆனால் கோபம் என்னை விட்டுப் போகவில்லை. உன்னால் எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது, மச்சான். ஆராவது கோட் போட்ட படத்தோடு நினைவு அட்டை நீட்டினால், இவர் உண்மையில் என்ன செய்தவர் என்று கேட்டுவிடுகிறேன். மனுசி முழங்கையால் இடிக்கிறா. இனி எங்களை ஒரு செத்தவீட்டுக்கும் கூப்பிடமாட்டினம் என்கிறா.

போன கிழமையும் ஒரு அம்மாவிடம் கேட்டேன். முதலில் முறைத்தா. பிறகு, தன் மனுசன் வுச்சீரியாச் சந்தையில் மீன் பெட்டி தூக்கினவர் என்றா. சிசிலிக்காரரையே தோற்கடிக்கிற மாதிரிக் கூவி விற்பாராம். அந்தக் கூவலை எனக்குக் கூவியும் காட்டினா, கோயில் வாசலில், கறுப்புச் சீலையோடு. திருப்பி ஒருக்கால் கூவச் சொன்னேன். அதற்குள் எங்கள் பஸ் வந்து போய்விட்டது. மனுசியும் நானும் நடந்துதான் வீட்டுக்கு வந்தோம்.